ஆம்னி வேனுக்கு முன்னால் ஒரு முதுகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வாலிநோக்கம் விலக்குக்குச் சற்றுத் தள்ளி, ஓடும் பேருந்தின் சன்னல் வழியாக. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தை மாதக் காலை. சாயல்குடியில் ஏறி ராமநாதபுரம் போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கம் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. சாலையோரத்தில் ஒருவர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, ஐம்பதைத் தாண்டிய வயிறு. அவருக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு வெள்ளை ஆம்னி வேன், நாலு இண்டிகேட்டரும் மினுங்க, சைக்கிளின் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது. வேனை ஓட்டியவர் புர்கா அணிந்த ஒரு பெண். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

நான் பார்த்தது அவ்வளவுதான். பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போய்விட்டது. இனி நான் சொல்லப்போவது எல்லாம் கற்பனை. பெயர், ஊர், சைக்கிளுக்கும் வேனுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்சம் இடைவெளியில் என்ன கிடந்தது என்பது, எல்லாமே. அந்த இருவரில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிஜக்கதை இதைவிட நிம்மதியானதாக இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்:

'காற்றைக் கிழித்துக்கொண்டு விரைந்தது அந்தச் சைக்கிள்—'

இல்லை. வாடைக் காற்று எதிரே நின்று அடிக்கிற மாதத்தில் அந்தச் சாலையில் எந்தச் சைக்கிளும் விரையாது. எழுதுகிறவன் பேருந்தில் உட்கார்ந்திருந்தான் என்பதற்கு இந்த வாக்கியம் ஒன்றே சாட்சி.

இரண்டாம் தொடக்கம்:

'கன்னியாகுமரியிலிருந்து மகனின் சைக்கிளைப் பின்தொடர்ந்து வந்த அந்தத் தாய்—'

இதுவும் வேண்டாம். தாய் என்று ஆக்கிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். பாசம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒரு பெண் ஒரு முதுகை அப்படி வெறித்துப் பார்த்தபடி வண்டி ஓட்டுகிறாள் என்றால், அது கணவனின் முதுகாகத்தான் இருக்க முடியும். அவள் கோபத்தில் இருக்கிறாள் என்பதும் சன்னலிலிருந்தே தெரிந்தது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

தாஜுன்னிசா மூன்று நாளாக ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினாள்.

3

அது அவள் கணவர் காஜா நவாஸின் முதுகு. காற்றுக்காகப் போட்ட தடித்த கறுப்பு ஜாக்கெட். கீழே தொளதொளவென்று ஒரு கால்சட்டை. சைக்கிள்காரர்கள் போடுகிற இறுக்கமான அரைக்கால் உடுப்பை அவர் போட மறுத்துவிட்டார். தொடை தெரிய ரோட்டில் போவதாவது என்று, சாதாரணக் கால்சட்டையையே போட்டு, சங்கிலியில் மாட்டாமலிருக்கக் கணுக்காலில் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டார். (இது நான் பார்த்ததல்ல. ஆனால் அந்த ரப்பர் பேண்டு வந்த பிறகுதான் அவர் எனக்குப் பிடிபட்டார்.)

காஜா நவாஸ் சவூதியில் டிரெய்லர் ஓட்டியவர். நிக்காஹ் முடித்த கையோடு போனவர், இடையிடையே லீவில் வந்து போய், போன வருடம்தான் பெட்டி படுக்கையோடு கீழக்கரைக்குத் திரும்பினார். திரும்பிய வீட்டில் எந்தச் சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் மாஷிதா எதைக் கேட்பதானாலும் உம்மாவிடம்தான் கேட்டாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "எப்பத் திரும்பிப் போறீக?" என்றே விசாரித்தார்கள். சொந்த வீட்டிலேயே அவர் விருந்தாளியாகிப் போனார். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னபோது அவர் சைக்கிள் வாங்கினார். அதில் ஏறியதும் முகம் மாறிவிட்டது. சில மாதங்களிலேயே கன்னியாகுமரியில் தொடங்கி ராமேஸ்வரம் தாண்டி நிலம் முடிகிற இடம் வரை மிதிக்கப்போகிறேன் என்றார்.

"தனியாவா?" என்றாள் தாஜுன்னிசா.

"நீ வேன ஓட்டிக்கிட்டுப் பின்னாடி வாயேன்."

அவளுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவர் இல்லாத வருடங்களில் மகளைக் கல்லூரியில் விடவும் தன் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் தானாகக் கற்றுக்கொண்டதுதான் வண்டி ஓட்டுவது. தன் கணவனுக்காக ஓட்டப்போகிறோம், இத்தனை காலத்துக்கு அப்புறம் இரண்டு பேருமாக ஒரு பயணம் என்று அவள் நினைத்துவிட்டாள்.

கன்னியாகுமரியில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "மூணு விஷயம், தாஜு. வண்டி எனக்குப் பின்னாடிதான் வரணும். நானா கை காட்டாம என்னைய நிப்பாட்டக் கூடாது. என்ன ஆனாலும் சைக்கிள வேன்ல ஏத்தச் சொல்லக் கூடாது. ஒரு கிலோமீட்டர் ஏத்துனாலும் மிதிச்சதெல்லாம் பொய்யாப் போயிரும்."

"சத்தியம் பண்ணனுமாக்கும்?"

"நீ சொன்னாப் போதும்."

சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு முழுக்க முதுகுதான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இப்போது கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், முகம் மட்டும் இப்போதும் தெரியவில்லை. இரண்டாம் நாளிலிருந்து அவள் வேனுக்குள் பேச ஆரம்பித்தாள். நான் சன்னலில் பார்த்த உதட்டசைவு அதுதான் என்று முடிவு செய்திருக்கிறேன். (இறைவன் பெயரைச் சொல்லித் திக்ரு ஓதுகிறாள் என்று ஒரு வரைவில் எழுதினேன். ஓதுகிற முகம் அவ்வளவு கடுகடுப்பாக இருக்காது.) போனில் அவரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவள் அந்த முதுகிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கர்ப்பப்பைய எடுத்தாகளே மதுரையில, அப்ப ஒங்ககிட்ட என்ன சொன்னேன்? மாமி மக கல்யாணத்துக்கு வந்திருக்கேன், சிக்னல் கெடைக்கலண்டு சொன்னேன். நீங்களும் நம்பிட்டீக."

அவரும் சளைத்தவரில்லை. தம்மாம் நகரில் கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டவளிடம் ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். 'எப்படி இருக்கீங்க', 'நல்லா இருக்கேன், நீ', 'எங்களுக்கென்ன, நல்லா இருக்கோம்'. இந்த மூன்று வரியில்தான் அந்தக் குடும்பம் வருடக்கணக்காக ஓடியது. அங்கே இருப்பவரால் வர முடியாது, சொல்லி என்ன செய்ய? இங்கே இருப்பவளால் ஒன்றும் பண்ண முடியாது, சொல்லி என்ன செய்ய? கஷ்டத்தை மறைப்பதுதான் பாசம் என்று இருவரும் பழகிவிட்டார்கள். பின்னால் மூன்றாம் மனிதர் வாயிலாக உண்மை தெரிந்தபோதும், ஏன் மறைத்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம்.

4

(நான்காம் பகுதியில் கடலை வருணித்திருந்தேன். ஏர்வாடி தாண்டும்வரை நீண்ட வருணனை. தாஜுன்னிசாவின் கண் ஒரு தடவைகூடக் கடல் பக்கம் திரும்பாதபோது என் கண் மட்டும் போய் மேய்ந்துகொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை. எடுத்துவிட்டேன்.)

5

மூன்றாம் நாள் மத்தியானம் அவர்கள் தங்கள் சொந்த ஊரைக் கடந்து போக வேண்டியிருந்தது. கதைக்கு இது பெரிய வசதி என்று நினைத்தேன். தாஜுன்னிசாவுக்கு அது சோதனை.

கீழக்கரைக்குத் திரும்புகிற முக்கில் மாஷிதா ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். இடியாப்பமும் மீன் ஆணமும் கொண்டுவந்திருந்தாள். காஜா நவாஸ் வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்த மாஷிதா அவர் கையை விடவில்லை.

"உம்மா, வாப்பா கையப் புடிச்சுப் பாருங்க. இந்த வாடைக் காத்துல இப்பிடி வேர்க்குமா? சில்லுண்டு இருக்கு."

"சைக்கிள் மிதிச்சா வேர்க்காம என்ன செய்யும்? நல்லா இருக்கேம்மா."

ஸ்கூட்டியில் கையோடு கொண்டுவந்திருந்த சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்து அவர் விரலில் குத்தினாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அவர் சிரித்து, "பாத்தியா?" என்றார். தாஜுன்னிசாவுக்கு அதில்தான் பயம் வந்தது. சர்க்கரையாக இருந்திருந்தால் ஒரு மிட்டாயோடு முடிந்திருக்கும். மூன்று நாளாக அவர் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த ஜாக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வேனுக்குத் தெரியவே தெரியாது.

மாஷிதா உம்மாவைத் தள்ளிக் கூட்டிப் போனாள். "வீடு இந்தா இருக்கு உம்மா. இங்கனயே நிப்பாட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக."

"சொல்ல மாட்டேண்டு சொல்லிட்டேனே."

"எது பெருசு? நீங்க குடுத்த சொல்லா, வாப்பாவா?"

தாஜுன்னிசா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து பைக்கில் போன கடைத்தெருக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "காஜா காக்கா! கன்னியாகுமரியில இருந்தா வாரீக?" என்று அண்ணன் முறை வைத்துக் கத்தினார். காஜா நவாஸ் எழுந்து நின்றார். எப்பத் திரும்பிப் போறீக என்று கேட்காத முதல் ஆள் அவர். "ஆமா, மிதிச்சே வாரேன்," என்றபோது அந்த வெளுத்த முகத்தில் வந்த சந்தோஷத்தை தாஜுன்னிசா பார்த்தாள். அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வாசகருக்கும் வரும் என்று தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் அவளைப் பேசவைக்க மூன்று தடவை முயன்று பார்த்தேன், அவள் பேசவில்லை.

6

இவ்வளவு தூரம் எழுதியதும் ராமசுப்பிரமணியனிடம் காட்டினேன். என் நண்பர். இப்படிப்பட்ட நெடுந்தூரச் சைக்கிள் பயணங்கள் போகிறவர், போகிறவர்களுக்குப் பின்னால் வண்டியும் ஓட்டியவர். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மிதிக்கிறவன்கிட்ட எப்படி இருக்கேன்னு கேக்கவே கூடாதுய்யா. கீழ விழுற வரைக்கும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வான். கடைசியா எங்க நின்னு தண்ணி குடிச்சோம்னு கேக்கணும். முழிச்சான்னா ஆளையும் சைக்கிளையும் தூக்கி வண்டில போட்டுறணும். பின்னாடி வர்றவனோட வேலையே அதுதான்."

அருமையான யோசனை. இதை அப்படியே தாஜுன்னிசாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று சபலம் தட்டியது. ஆனால் காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, ஊரில் மழை பெய்ததா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர் காஜா நவாஸ். தண்ணீர் குடித்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார். அந்தக் கேள்வியெல்லாம் அவரிடம் பலிக்காது.

7

ராமநாதபுரம் கடந்தது. உச்சிப்புளியும் வந்தது. தென்னைகளெல்லாம் தெற்கே சாய்ந்து நின்றன. காற்று அவ்வளவு பலம். சைக்கிளின் வேகம் குறைந்துகொண்டே வந்தது, வேனை இரண்டாம் கியரிலேயே பிடித்து வைத்திருந்தாள். அவளைத் தாண்டிப் போன சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் திட்டிக்கொண்டே போயின.

உச்சிப்புளி தாண்டியதும் காஜா நவாஸ் திரும்பாமலே வலது கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டினார். நல்லா இருக்கேன்.

யாரும் கேட்கவில்லையே? அவள் ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. கேட்காதபோது எதற்காகச் சொல்கிறார்? அந்தக் கட்டைவிரல்தான் தாஜுன்னிசாவைக் கலக்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, அவர் கேட்பதற்கு முன்னாலேயே 'நல்லா இருக்கேன்' என்று அவளும் இப்படித்தான் முந்திக்கொண்டாள். அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச தூரத்தில் அவருடைய இடது கை ஹேண்டில்பாரை விட்டு ஜாக்கெட்டுக்குள் போனது. போய், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து, திரும்பி வந்தது.

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் கண்ணில் பட்டது. பாலத்தின்மேல் காற்று பக்கவாட்டில் அறையும். ஒரு மனிதரைப் படுக்கவைக்க இடம் கிடையாது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அடைத்துக்கொண்டால் வேனைத் திருப்பவும் முடியாது. எதைச் செய்வதானாலும் பாலத்துக்கு முன்னால் செய்ய வேண்டும். பேசினால் அவருடைய மூன்று நாள் உழைப்பும் போகும், கொடுத்த சொல்லும் போகும். பேசாவிட்டால் அவரே போய்விடலாம்.

8

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவில் பாலத்தின் நடு உச்சியில் சைக்கிள் தள்ளாடுகிறது. கீழே நீலக்கடல், 'தாஜு' என்று ஒரு கடைசி—

மாட்டேன். பாலம் ஒன்று வாகாகக் கிடைத்தது என்பதற்காக ஒரு மனிதரைச் சாகடிக்க என்னால் முடியாது. நெஞ்சுவலி எழுத்துக்காரனுக்கு மட்டும்தான் சௌகரியம்.

இரண்டாவதில் அவர் வெற்றிகரமாகத் தனுஷ்கோடிக் கரையைத் தொடுகிறார். இருவரும் அலையில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர் அவள் கையைப் பிடித்து—

இதுவும் ஆகாது. காலண்டர் படம். அந்தக் குளிர்ந்த வேர்வையை எழுதிவிட்டு, பிறகு நானே அதை மறந்ததுபோல் நடிக்க வேண்டியிருக்கும். மாஷிதா என்னை மன்னிக்க மாட்டாள்.

இரண்டையும் அடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுதாத அந்த நேரத்தில்தான் தாஜுன்னிசா கியரை மாற்றினாள்.

9

வேன் சைக்கிளைத் தாண்டி முன்னே போனது. பாலத்துக்குச் சற்று முன்னால் ஓரம்கட்டி நின்றது. அவள் இறங்கி நடுவழியில் வந்து நின்றாள். புர்கா காற்றில் படபடவென்று அடித்தது.

காஜா நவாஸ் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றினார். மூச்சு வாங்கியது. "என்ன தாஜு இது? எனக்கு என்ன சொல்லு குடுத்த?"

அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. மாஷிதா பயந்துபோயிருக்கிறாள் என்று சொல்லலாம். டாக்டர் என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்தலாம். கை காட்டி அதட்டலாம், காலைப் பிடித்துக் கெஞ்சலாம். வழியெல்லாம் அந்த முதுகிடம் பேசிப் பழகிய அத்தனை பேச்சும் முகத்தைக் கண்டதும் காணாமல் போய்விட்டது. வாயில் வந்தது இதுதான்:

"எனக்கு முடியல மச்சான்."

தினமும் காலையில் துணியால் துடைத்துத் துடைத்து வைத்த சைக்கிள் ரோட்டில் தடாலென்று விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்காக எங்கேயும் நிற்காதவர் ஒரே எட்டில் அவளிடம் வந்து, ரோடு என்றும் பார்க்காமல் அவள் தோளைப் பிடித்தார்.

"என்ன செய்யிது? எங்கன வலிக்கிது? சொல்லு தாஜு, எங்கன வலிக்கிது?"

கேட்டுக்கொண்டே இடது கையால் தன் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

இங்கே நான் நிறுத்துகிறேன். அவள் சொன்ன 'முடியல' நிஜமா, அவரை நிறுத்துவதற்கான தந்திரமா என்று எனக்குத் தெரியாது. வாய் தவறி வந்துவிட்டது, அவளுக்கும் தெரிந்திருக்காது. இனி அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

'எனக்குத் தலை சுத்துது, நெஞ்சு அடைக்கிது' என்று ஒரு பொய் சொன்னால், அந்த நொடியே அவர் சைக்கிளை வேனில் ஏற்றுவார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே யாரைக் கட்டிலில் படுக்கவைப்பார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர் பிழைப்பார். ஆனால் அவர்களுடைய அந்தப் பழைய பழக்கமும் பிழைத்துக்கொள்ளும். இனிமேலும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லித்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

'எனக்கு ஒண்ணும் வலிக்கல. நீங்க செத்துருவீகளோண்டு பயமா இருக்கு. ஒங்க முதுகப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு, என் பக்கத்துல வந்து உக்காருங்க' என்று உண்மையைச் சொன்னால், அவர் கேட்கலாம். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் அவரிடம் சொல்லும் முதல் உண்மை அதுவாக இருக்கும். அல்லது, 'அம்புட்டுத்தானா? எனக்கொண்ணுமில்ல, நல்லா இருக்கேன்' என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு, குனிந்து சைக்கிளை எடுத்து, பாலத்தில் ஏறிவிடலாம்.

நான் பொய் சொல்லவைத்தும் எழுதிப் பார்த்தேன், உண்மை சொல்லவைத்தும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவள் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், என்ன சொல்லட்டும் என்று. சொல்லிக்கொடுங்கள். ரொம்ப யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அவருக்கு இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கிறது.